எம்1 காரண்ட்: விளையாட்டிலும் போரிலும்

2003இல் வெளிவந்த 'கால் ஆஃப் டியூட்டி' கணினி விளையாட்டை ஆடியவர்களுக்கு எம்1 காரண்ட் துப்பாக்கியின் 'டிங்' ஓசை நன்கு தெரிந்திருக்கும். கனடாவின் கியூபெக்கில் பிறந்த ஜான் காரண்ட், அமெரிக்க அரசின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச் சாலையில் பணிபுரிந்தபோது இதை வடிவமைத்தார். 1936இல் அமெரிக்கத் தரைப்படை இதை ஏற்றுக்கொண்டது.

எட்டுத் தோட்டாக்கள் ஓர் உலோகக் கிளிப்பில் செருகப்பட்டு, கிளிப்போடு சேர்த்தே உள்ளே செலுத்தப்படும். எட்டாவதைச் சுட்டதும் வெற்றுக் கிளிப் மேலே தெறித்து விழும்; அந்த ஓசைதான் அது. அதைக் கேட்டதும் எதிரிகள் பாய்ந்து வந்ததாகப் பலர் எழுதுகிறார்கள். நாலாபுறமும் வெடிச்சத்தம் கேட்கும் போர்க்களத்தில் அது காதில் விழுமா? மேலும், பக்கத்தில் மற்ற வீரர்களும் துப்பாக்கியுடன் இருப்பார்களே!

அந்த விளையாட்டில் எட்டும் தீரும்வரை மறுபடி நிரப்ப முடியாது. உண்மைத் துப்பாக்கியும் அப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது. அதன் இயக்குதண்டைப் பின்னுக்கு இழுத்து, இடப்பக்கத் தாழை அழுத்தினால் பாதி தீர்ந்த கிளிப் வெளியே வந்துவிடும். சற்றுச் சிரமமான வேலை, அவ்வளவே.

ஐம்பது இலட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட இத்துப்பாக்கிக்காகக் காரண்ட் உரிமைத்தொகை எதுவும் பெறவில்லை. அவருக்கு ஓர் இலட்சம் டாலர் வழங்க அமெரிக்க நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட மசோதாவும் நிறைவேறவில்லை.