மாரிக் கோச்சியும் படம் இல்லாத நமது சரித்திரமும்



மாரி பிறந்துவிட்டது. வாடைக்காற்றோடு கூதலும் வந்துவிட்டது. நமது பொடியன்மார் சிலர் சுபஹ் முடிந்த கையோடு போனைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாவடிப் பாலத்துப் பக்கம் போகிறார்கள். எண்ணெய்க் கோச்சியைப் படம் பிடிக்கத்தான். "வேலை வெட்டி இல்லாத விசர்" என்று பெரியவர்கள் சிலர் ஏசுவதும் நமது காதில் விழுகிறது. அது விசர் இல்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். தேத்தண்ணியோடு இருந்து வாசியுங்கள்.

முதலில் ஒரு விடயம். கோச்சி என்றால் நமக்கு ஆட்கள் ஏறிப்போகும் வண்டிதான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த நாட்டுக்குப் புகையிரதம் வந்தது ஆட்களுக்காக அல்ல, சாமானுக்காக. கண்டிப் பக்கத்து மலைத் தோட்டங்களில் விளைந்த கோப்பியை மாட்டு வண்டியில் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்குள் துரைமாருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். மாரியில் பாதை சேறாகிவிட்டால் வண்டி அப்படியே நின்றுவிடும். அதனால்தான் 1858இல் வேலை தொடங்கினார்கள். 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் வண்டி ஓடியது. 1867இல் பாதை கண்டியை எட்டியது. இரண்டு வருடத்தில், 1869இல், கோப்பி இலையில் நோய் தலைகாட்டியது. கோப்பி அழிந்தது, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. சாமான் மாறினாலும் சாமான் பெட்டி நிற்கவில்லை.

நமது பக்கத்துக்குக் கோச்சி வந்தது பிந்தித்தான். வடக்கே காங்கேசன்துறைக்கு 1905இல் போய்விட்டது. தலைமன்னாருக்கு 1914இல், பதுளைக்கு 1924இல் போனது. மாகோவிலிருந்து காட்டை வெட்டி வந்த பாதை கல்ஓயாவில் இரண்டாகப் பிரிந்து, 1927இல் திருகோணமலையையும் 1928இல் மட்டக்களப்பையும் அடைந்தது. மன்னம்பிட்டியில் மகாவலி ஆறு, ஓட்டமாவடியில் நமது ஆறு. இரண்டு இடத்திலும் இரும்புப் பாலம் கட்டினார்கள். ஒரே பாலம்தான், கோச்சிக்கும் அதுதான், லொறிக்கும் அதுதான். கோச்சி வரும்போது கடவை பூட்டினால் பஸ், வண்டில், சைக்கிள், ஆடு மாடு எல்லாம் வரிசையில் நிற்கும். மன்னம்பிட்டியில் வாகனங்களுக்கென்று புதிய பாலம் 2007இல்தான் திறந்தார்கள். இன்று இரண்டு இடத்திலும் வாகனத்துக்கு வேறு வழி உண்டு. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்பு தெரியாது.

அந்தப் பாலங்களால் இந்தப் பக்கத்து நெல் வெளியே போனது. ஐஸ் போட்ட மீன் பெட்டியும் கருவாட்டுச் சிப்பமும் இரவுக் கோச்சியில் ஏறி விடியக் கொழும்புக்குப் போனதை மூத்தவர்கள் இப்போதும் சொல்வார்கள். 1950களில் வாழைச்சேனையில் கடதாசி ஆலை வந்தது. நமது வயல் வைக்கோலையும் இலுக்குப் புல்லையும் கடதாசியாக்கிய ஆலை அது. வடக்கே காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை. பிறகு 1980இல் சீனன்குடாவில் மா ஆலை. ஆலை எங்கே வந்ததோ அங்கே பக்கப் பாதையும் சாமான் பெட்டிகளும் வந்தன. நமது ஊர்க் கடைகளின் வளர்ச்சியை எழுதுவதென்றால் அந்தப் பெட்டிகளை விட்டுவிட்டு எழுத முடியாது.

இனி எஞ்சினுக்கு வருவோம். பொடியன்மார் உண்மையில் படம் எடுப்பது பெட்டியை அல்ல, எஞ்சினை. அது நமக்கும் தெரியும்!

தொடக்கத்தில் எல்லாம் கரி எஞ்சின். நிலக்கரி வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். எஞ்சினுக்கு வழி நெடுகத் தண்ணீர் வேண்டும். டீசல் 1938இல் இங்கே எட்டிப் பார்த்தது, இங்கிலாந்திலிருந்து வந்த பயணிகள் வண்டித் தொடர்களாக. யுத்தம் முடிந்து, சுதந்திரமும் கிடைத்த பிறகுதான் சாமான் இழுக்கும் டீசல் எஞ்சின்கள் வந்தன. 1952, 53இல் பிரித்தானியாவின் பிரஷ் பாக்னல் கம்பனி செய்த எம் 1 வகை, இருபத்தைந்து எஞ்சின்கள். இந்த மாற்றத்தை முன்னின்று நடத்தியவர் பி. டி. ரம்பால. புகையிரதத் திணைக்களத்தின் பிரதம இயந்திரப் பொறியியலாளர் பதவிக்கு வந்த முதலாவது இலங்கையர் அவர். பின்னர் பொது முகாமையாளரும் ஆனார்.

1954இல் கனடா வந்தது. கொழும்புத் திட்டம் என்று ஓ.எல். வகுப்பில் படிப்பிக்கிறோமே, 1950இல் கொழும்பில் கூடிப் பேசித் தொடங்கிய அந்தத் திட்டத்தின் கீழ் கனடா நமக்கு எஞ்சின்கள் தந்தது. ஜெனரல் மோட்டர்ஸ் செய்த ஜி 12 ரகம். இங்கே அதற்கு எம் 2 என்று பெயர். தந்த நாட்டை நினைவுகூர அவற்றில் பலவற்றுக்குக் கனடா மாகாணங்களின் பெயரை வைத்தார்கள்: ஒன்டாரியோ, அல்பேர்ட்டா, சஸ்காச்சுவான், பிரிட்டிஷ் கொலம்பியா, மனிடோபா. யோசித்துப் பாருங்கள். மாரியில் உறைபனி விழுந்து ஆறே கல்லாகிப் போகும் தேசங்களின் பெயர். அந்தப் பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு அவை நமது தென்னந்தோப்புக்கும் வயலுக்கும் நடுவே, வேர்த்து வழியும் வெயிலில் ஓடின. புவியியல் பாடத்தில் சஸ்காச்சுவான் என்ற பெயரைச் சொல்ல நாக்கு தடுமாறும் மாணவன், அதைத் தண்டவாளத்தில் பார்த்தால் மறக்கவே மாட்டான்.

ஒரு கனத்த எஞ்சினை நமது பாதைக்கு ஏற்றதாக எப்படி ஆக்கினார்கள் என்பதும் அறியவேண்டிய விடயம். எம் 2வின் கீழே ஒவ்வொரு பக்கமும் மூன்று அச்சு. நடு அச்சில் மோட்டார் கிடையாது. அது பாரத்தைப் பங்குபோட மட்டும்தான். பாரம் பரவினால் தண்டவாளமும் பாலமும் தாங்கும்.

டீசல் எஞ்சின் என்று நாம் சொன்னாலும் சக்கரத்தைச் சுற்றுவது மின்சாரம். உள்ளே டீசல் இயந்திரம் மின்பிறப்பாக்கியைச் சுற்றும். அந்த மின்சாரம் அச்சிலுள்ள மோட்டார்களுக்குப் போகும். அதாவது ஒரு சிறிய மின் நிலையம் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போகிறது.

1975இல் கனடாவிலிருந்தே இன்னொரு கூட்டம் வந்தது. மொன்ட்ரியலில் செய்த எம் 4, பதினான்கு எஞ்சின்கள். பிறகு ஜேர்மனியின் எம் 6, 1981இல் பிரித்தானியாவின் எம் 7, 1996இல் இந்தியாவின் வாரணாசியிலிருந்து எம் 8, 2000இல் பிரான்சின் எம் 9 என்று வரிசை நீள்கிறது.

பொடியன்மார் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே எஞ்சினைச் சொல்கிறார்கள். அது மந்திரமல்ல. எம் 2வின் இயந்திரம் இரண்டடிப்பு வகை. தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு உருளையும் ஒருமுறை வெடிக்கும். ஆகவே சத்தம் இடைவெளியில்லாத இரைச்சலாகக் கேட்கும். எம் 4 நான்கடிப்பு. இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு. அது பாரம் இழுக்கும்போது குதிரை நடைபோல் தட்டித் தட்டிக் கேட்கும், கரும்புகையும் கக்கும். இரண்டிலும் உருளை பன்னிரண்டுதான். சத்தம் மட்டும் வேறு. விஞ்ஞான ஆசிரியர் கரும்பலகையில் கீறிக் காட்டுவதை இவர்கள் காதால் படிக்கிறார்கள்.

ஏன் மாரியில்? காரணம் இருக்கிறது. விடியற்காலைக் கூதலில் நிலத்தையொட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று கொஞ்சம் சூடாகவும் இருக்கும். அப்போது சத்தம் மேலே போய்த் தொலையாமல் வளைந்து நிலத்துக்கே திரும்பும். அதனால்தான் புணானைப் பக்கம் வரும் கோச்சி வீட்டு வாசலுக்கு வந்ததுபோல் கேட்கிறது. பெரும்போக வயல் பச்சை, ஆறு நிறைந்த தண்ணீர், புகாரைக் கிழித்துவரும் முன்விளக்கு. படத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் எஞ்சின் ஓட்டுபவருக்கு மாரி சோதனைக் காலம். கொட்டும் மழையைவிடத் தூறல் பொல்லாதது. பெருமழை தண்டவாளத்து அழுக்கைக் கழுவிவிடும். தூறல் அந்த அழுக்கோடு சேர்ந்து வழுக்கும் படலமாகிவிடும். பாரம் நிறைந்த வண்டி புறப்படும்போது சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். அப்போது சக்கரத்துக்கு முன்னால் குழாய் வழியாக உலர்ந்த மணலைத் தூவுவார்கள். அடுத்தமுறை படம் எடுப்பவர்கள் முகப்பை மட்டும் பிடிக்காமல் அந்த மணல் குழாயையும் பிடியுங்கள். பல்லாயிரம் குதிரை வலு வந்தாலும் கடைசியில் ஒரு பிடி மணலை நம்பித்தான் சக்கரம் நகர்கிறது.

நிற்பதும் அப்படித்தான். பாரம் ஏற்றிய சாமான் கோச்சி பிரேக் போட்டதும் நிற்காது. பல நூறு மீற்றர் ஓடித்தான் நிற்கும். கல்ஓயாவுக்கும் மன்னம்பிட்டிக்கும் இடைப்பட்ட காட்டில் யானைகள் அடிபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். 2024 அக்டோபரில் மின்னேரியாப் பக்கம் நமது எண்ணெய்க் கோச்சியே யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டது. யானைகளும் இறந்தன, எண்ணெயும் கொட்டியது. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் பயணிகள் கோச்சியில் ஒரு கூட்டமே அடிபட்டது. காட்டை ஊடறுத்துப் பாதை போட்ட காலத்துக் கணக்கு இன்னும் தீரவில்லை.

மனிடோபாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் 26, சுனாமி நாள். தெற்கே பெரலியவில் கடல் கொண்டுபோன கோச்சியை இழுத்து வந்தது 591ஆம் இலக்க மனிடோபாதான். ஆயிரத்துக்கும் அதிகமானோர் அந்த ஒரே வண்டியில் போய்ச் சேர்ந்தார்கள். உலகப் புகையிரதச் சரித்திரத்தில் அதைவிடப் பெரிய உயிரிழப்பு இல்லை என்கிறார்கள். அந்த எஞ்சினைத் தூக்கிச் சரிசெய்து மறுபடியும் ஓடவிட்டார்கள். நமது கரையிலும் அதே நாளில் எத்தனை வீடுகள் காலியாயின என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

இனி, இந்தப் பதிவை எழுதவைத்த விடயத்துக்கு வருகிறோம்.

நமது ஊருக்குக் கோச்சி வந்து நூறு வருடத்தை நெருங்குகிறது. 2028 வந்தால் பூரணமான ஒரு நூற்றாண்டு. அந்த நூறு வருடத்துக்கு நம்மிடம் எத்தனை படம் இருக்கிறது? பழைய பாலத்தில் சாமான் கோச்சி போகும் ஒரு படம் யார் வீட்டிலாவது உண்டா? வைக்கோல் ஏற்றிய பெட்டி? மீன் பெட்டி ஏற்றும் நமது வாப்பாமார்? 1978 நவம்பர் சூறாவளிக்குப் பிறகு நிலையம் எப்படி இருந்தது?

இல்லாததற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. முந்தி கமரா பணக்காரர் சாமான். கல்யாணத்துக்குத்தான் படக்காரர் வருவார். கமரா மலிந்த காலத்தில் யுத்தம் வந்துவிட்டது. பாலத்தடியில் காவலரண். கமராவோடு அந்தப் பக்கம் போகிறவனை யார் சும்மா விடுவார்கள்? படம் எடுக்காமல் இருந்ததுதான் புத்திசாலித்தனம். கோச்சியும் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. வடக்கில் தண்டவாளமே பெயர்க்கப்பட்டுப் பதுங்கு குழிக் கூரையானது. 1990இல் அறுந்த யாழ்ப்பாணக் கோச்சி 2014இல்தான் திரும்பப் போனது. ஒரு தலைமுறை முழுதும் நாம் பார்த்ததைப் படமாக்க முடியாத தலைமுறையாகப் போய்விட்டோம்.

அதற்குள் சாமான் கோச்சியும் மெலிந்துவிட்டது. 1977க்குப் பிறகு லொறிகள் பெருகின. லொறி கடை வாசலுக்கே வரும். கோச்சிக்கு நிலையத்தில் ஏற்றவேண்டும், இறக்கவேண்டும், எதிரே வரும் வண்டிக்கு வழிவிட்டுக் காத்திருக்கவேண்டும். வியாபாரிகளான நாமே லொறிக்கு மாறினோம். அதில் குற்றமில்லை. இன்று நமது பக்கத்தில் மிச்சமிருப்பது எண்ணெயும் மாவும் போலச் சிலதுதான். மேற்கே புத்தளத்தில் அறுவாக்காட்டிலிருந்து சீமெந்து ஆலைக்குப் போகும் சுண்ணாம்புக்கல் கோச்சியைச் சேர்த்தால் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும். ஆனால் 2022இல் எண்ணெய் வரிசையில் இரவு பகலாக நின்றபோது, ஒரு எண்ணெய்க் கோச்சி எத்தனை பவுசருக்குச் சமம் என்பதை எல்லோரும் விளங்கிக்கொண்டோம். இரும்புச் சக்கரம் இரும்பில் உருளும்போது இழுவைக்கு வேண்டிய பலம், ரோட்டில் ரப்பர் ரயர் உருள்வதைவிடப் பல மடங்கு குறைவு. என்றோ ஒருநாள் நாடு இந்த வண்டியிடம் திரும்பி வரவேண்டியிருக்கும்.

ஆகவே பெரியவர்களே, பொடியன்மாரை ஏசாதீர்கள். கொடுக்கல் வாங்கலைக்கூட எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நமது மார்க்கம். ஊரின் வாழ்க்கையைப் பதிந்து வைப்பது வீண்வேலை ஆகாது.

பொடியன்மாருக்கும் ஆசிரியர்களாக நாம் சொல்ல இருப்பது இதுதான். தண்டவாளத்தில் ஏறி நிற்காதீர்கள். செல்பி எடுக்கப்போய் உயிர்விட்ட பிள்ளைகளின் செய்தியை வருடந்தோறும் வாசிக்கிறோம். ஒரு படத்துக்காக ஒரு உம்மாவை அழவைக்கக்கூடாது. வேலிக்கு வெளியே, எட்ட நின்று எடுங்கள். போனைக் குறுக்காகப் பிடியுங்கள். எடுத்த படத்தில் பாட்டைப் போட்டு எஞ்சின் சத்தத்தை அழிக்காதீர்கள். அந்தச் சத்தம்தான் நாளைக்குச் சரித்திரம். திகதி, இடம், எஞ்சின் இலக்கம், எத்தனை பெட்டி, என்ன சாமான் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். இருபது வருடத்தில் அந்தக் கொப்பி படத்தைவிடப் பெறுமதியாகும்.

எஞ்சினோடு நின்றுவிடாமல், நிலையத்தில் மூட்டை சுமந்தவர்கள், கடவையில் கொடி காட்டியவர்கள், கோச்சியில் மீன் அனுப்பியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஸலாம் சொல்லிப் பக்கத்தில் இருந்து, அவர்கள் பேச்சையும் பதிவு செய்யுங்கள். அவர்கள் போனபின் கேட்க ஆளில்லை.

யார் வீட்டிலாவது பழைய அல்பத்தில், அலுமாரி மூலையில், பாலமோ நிலையமோ கோச்சியோ தெரியும் ஒரு படம் இருந்தால் அறியத் தாருங்கள். பிரதி எடுத்துவிட்டு அதே நாளில் பத்திரமாகத் திருப்பித் தருவோம். 2028க்கு முன் பாடசாலை மண்டபத்தில் ஒரு சிறிய கண்காட்சி வைக்கலாம், இன்ஷா அல்லாஹ்.