ஆங்கிலத்தில் பெருக்கமும் வகைமையும் சுட்டும் பெயரடைகள்

பொருள்களின் தொகை மிகுதியையோ, அவற்றின் வகை மிகுதியையோ, இரண்டையும் ஒருங்கேயோ உணர்த்துதற்பொருட்டு ஆங்கில மொழியில் வழங்கும் பெயரடைகள் ஒரு பெருங்குடும்பமாக எண்ணத்தக்கவை. பீட்டர் மார்க் ரோஜே என்னும் மருத்துவர் 1852-இல் வெளியிட்ட புகழ்பெற்ற சொற்பொருட் களஞ்சியத்தில், தொகை குறிக்கும் சொற்களை எண் பற்றிய பகுதியிலும், வகை குறிக்கும் சொற்களை ஒழுங்கு பற்றிய பகுதியிலும் பிரித்து வைத்தார். தர்க்கத்திற்கு இப்பிரிவு பொருந்துவதே; ஆயினும் சொற்களின் சரித்திரம் இதற்கு எளிதில் இணங்குவதில்லை. இன்று ‘பல’ என்று தொகையை மட்டும் காட்டும் ஆங்கிலச் சொற்களிற் கணிசமானவை, ஒரு காலத்தில் ‘தனித்தனியான’, ‘வெவ்வேறான’ என்று வேற்றுமையைக் காட்டியவையே.

இக்குடும்பத்தின் மூத்த சொல் ‘மெனி’ என்பதாகும். பழைய ஆங்கிலத்திலேயே ஆட்சி பெற்றிருந்த இச்சொல், ஒருமைப் பெயருக்கு முன் நின்றும் பன்மைப் பொருளைத் தருதல் என்னும் விசித்திரமான மரபை இன்றளவும் காத்து வருகிறது. ‘மெனி எ மேன்’ என்னுமிடத்துப் பெயரும் வினையும் ஒருமையாகவே நிற்க, கருத்து மட்டும் பன்மையாகிறது. அதனோடு ‘மடங்கு’ எனப் பொருள்படும் விகுதி சேர்ந்து பிறந்ததே ‘மேனிஃபோல்ட்’. தொகையையும் வகையையும் ஒரே மூச்சிற் சொல்லவல்ல சொற்களுள் இதற்கு இணையாகப் பிறிதொன்றைக் காட்டுதல் அரிது என்பது எம் கருத்து. விவிலியத்தின் 1611-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் இறைவனின் படைப்புகளை வியந்து பேசும் 104-ஆம் சங்கீதத்தில் இச்சொல் இடம்பெற்றமையால், அதற்கு ஒரு பக்திமணமும் உண்டாயிற்று. ஜெர்மானியக் கணித மேதை ரீமன் 1854-இல் கேட்டிங்கன் நகரில் நிகழ்த்திய சொற்பொழிவில் ஆண்ட கலைச்சொல்லுக்கு நிகராக ஆங்கிலக் கணிதவியலார் கைக்கொண்டதும் இதுவே. மோட்டார் இயந்திரத்தின் பல உருளைகளிலிருந்து வெளிவரும் புகையை ஒரே குழாய்க்குள் திரட்டும் உறுப்பை நம் பட்டறைத் தொழிலாளர் ‘மேனிபோல்டு’ என்பதும் இச்சொல்லையே.

வேற்றுமையிற் பிறந்து தொகையில் வந்து முடிந்த சொற்களுக்குச் சிறந்த சான்று ‘செவரல்’. இலத்தீனில் ‘தனி’ என்று பொருள்படும் சொல்லடியாகத் தோன்றி, நார்மானியப் பிரெஞ்சின் வழியே இங்கிலாந்து புகுந்த இது, பையப்பைய ‘இரண்டுக்கு மேற்பட்ட, ஆயினும் மிகப் பலவாகாத’ என்னும் அடக்கமான தொகைப் பொருளை எய்திற்று. எனினும், சட்டத்தார் பழையதை எளிதிற் கைவிடுபவரல்லர். கடன்பட்டோர் பலராயின் ஒவ்வொருவரும் முழுக்கடனுக்கும் பொறுப்பாவர் என்று உறுதிசெய்யும் பத்திரங்களில், இச்சொல் தன் ஆதிப்பொருளிலேயே நிற்கிறது. ஜாமீன் பத்திரங்களில் நாம் காணும் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்னும் தமிழ்த் தொடர் அதன் நேரான வழித்தோன்றல்.

‘சண்ட்ரி’ என்பதன் கதையும் இதுவே. பிரித்தல் என்னும் வினையோடு உறவுடைய இப்பழைய ஆங்கிலச் சொல், தனியே கணக்கெழுதத் தகாத சில்லறை இனங்களைக் குறிப்பதாகிக் கணக்கர்களின் ஏட்டில் நிலைபெற்றது. இந்தியக் கம்பெனிகள் சட்டம் (1956) விதித்த ஐந்தொகைப் படிவத்தில் கடனாளிகளைக் குறிக்கும் தலைப்பே ‘சண்ட்ரி டெட்டார்ஸ்’ என்றிருந்தது. ஆஸ்திரேலியர் கிரிக்கெட்டில் மட்டையாளர் கணக்கிற் சேராத உதிரி ஓட்டங்களுக்கும் இப்பெயரையே வழங்குகின்றனர்.

‘திசைமாறித் திரும்பிய’ என்னும் இலத்தீன் சொல்லினின்று வந்த ‘டைவர்ஸ்’ இரண்டாகப் பிளந்த சொல். முன்னசை அழுத்தம் பெற்று ஒலிக்கும் வடிவம் ‘பல’ என்னும் தொகைப் பொருளையும், பின்னசை அழுத்தம் பெறும் வடிவம் ‘வேறுபட்ட’ என்னும் வகைப் பொருளையும் பங்கிட்டுக்கொண்டன. முன்னது 1611-ஆம் ஆண்டு விவிலியத்தில் மலிந்து கிடப்பினும் இன்று வழக்கொழியும் நிலையிலுள்ளது, பின்னதோ நாள்தோறும் செல்வாக்குப் பெற்று வருகிறது. சட்ட ஆவணங்களில் ‘டைவர்ஸ்’, ‘சண்ட்ரி’ ஆகிய இரண்டையும் இணைத்தெழுதும் பழக்கம், பிரெஞ்சுச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் அருகருகே வைத்து ஐயத்திற்கிடமின்றி எழுத விரும்பிய வழக்கறிஞர்களின் ஜாக்கிரதையைக் காட்டுகிறது. ‘வேரியஸ்’ என்பதும் புள்ளியும் நிறமும் விரவிய தன்மையைச் சுட்டிய இலத்தீன் சொல்லே. இப்போது அது நிறமிழந்து ‘பற்பல’ என்னும் வெறுந்தொகையாக வழங்குவதே பெரும்பான்மை.

இலத்தீனிலிருந்து புலமையாளர் வாயிலாக வந்த சொற்கள் வேறொரு கூட்டம். ‘நியூமரஸ்’, ‘இன்னியூமரபிள்’ இரண்டும் எண் என்னும் வேரிலிருந்து கிளைத்தவை. முன்னது மிகுதியையும் பின்னது எண்ணுதற்கியலாமையையும் காட்டும். ‘மல்ட்டிடியூடினஸ்’ என்னும் நெடுஞ்சொல்லை ஷேக்ஸ்பியர் மாக்பெத் நாடகத்திற் கடல்களுக்கு அடையாக்கியதால் அது அழியாப் புகழ் பெற்றதெனினும், அவரையன்றிப் பிறர் ஆளுமிடத்துப் பெரும்பாலும் அது ஆடம்பரமாகவே ஒலிக்கிறது. ‘மல்ட்டிஃபேரியஸ்’ வகை மிகுதியைச் சுட்டுவது. தொடர்பற்ற பல வழக்குகளை ஒரே மனுவில் திணித்தால், அக்குற்றத்தை ஆங்கில நியாயமுறை இச்சொல்லாலேயே சுட்டியது.

எல்லாவற்றினும் விரிவாகப் பேசத்தக்கது ‘மிரியட்’. கிரேக்கத்தில் இதன் மூலச்சொல் 10,000 என்னும் திட்டமான எண்ணைக் குறித்ததென்பது யாவரும் அறிந்ததே. ஆனால் ஹோமரின் காவியங்களில் அது ‘எண்ணிறந்த’ என்னும் வரையறையற்ற பொருளிலேயே வருகிறது என்பதும், இலக்கணத்தார் இரு பொருளையும் சொல்லழுத்தத்தால் வேறுபடுத்தினர் என்பதும் பலர் கவனியாதவை. சிரக்கூஸின் அரசன் கெலோனுக்கு எழுதிய நூலில் ஆர்க்கிமிடீஸ், பத்தாயிரம் பத்தாயிரத்தை, அதாவது பத்துக் கோடியை, ஓர் அலகாகக் கொண்டு மேன்மேலும் அடுக்கிச் சென்று, பிரபஞ்சம் முழுவதையும் நிரப்பும் மணலின் தொகைகூட ஒன்றையடுத்து 63 சுழியிட்ட எண்ணை எட்டாது என்று நிறுவினார். எண்ணிலி என்று பாமரர் விட்டதை எண்ணிக் காட்டிய அந்நூல், இச்சொல்லின் சரித்திரத்தில் ஒரு தனி நிகழ்ச்சி.

ஆங்கிலத்தில் ‘மிரியட்’ பதினாறாம் நூற்றாண்டில் பெயர்ச்சொல்லாகவே நுழைந்தது. பெயரடையாக ஆளத் தலைப்பட்டவர்கள் பிற்காலக் கவிஞர்களே. கோல்ரிட்ஜ் 1817-இல் வெளியிட்ட தம் இலக்கிய வாழ்க்கை நூலில் ஷேக்ஸ்பியரை ‘மிரியட் மைண்டட்’ என்று போற்றியதோடு, கான்ஸ்டாண்டினோப்பிளின் திருச்சபைத் தலைவர் ஒருவர்க்கு வழங்கிய கிரேக்க அடைமொழியிலிருந்து அதைத் தாம் எடுத்துக்கொண்டதாகவும் கூறினார். இத்தகைய ஆட்சியின் கவர்ச்சியாற்போலும், ‘எ மிரியட் ஆஃப்’ எனப் பெயராக எழுதுவது பிழை என்று கண்டிக்கும் ஆசிரியர்கள் தோன்றினர். மூத்ததைப் பிழையென்றும் இளையதைச் சரியென்றும் கூறும் இக்கண்டனத்திற்கு ஆதாரமில்லை. இரண்டும் நல்ல ஆங்கிலமே.

படையிலிருந்து வந்த சொற்கள் இரண்டு. உரோமப் படைப்பிரிவின் பெயராகிய ‘லீஜன்’, மாற்கு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் பேய் பிடித்தவன் தன் பெயராகக் கூறியதிலிருந்து, ‘மிகப் பலர்’ என்னும் பொருளைப் பெற்றது. தமிழ் விவிலியத்தில் அது ‘லேகியோன்’ என்று நிற்கிறது. இப்பொருளில் அடையாகும்போது அது பெயருக்கு முன் வருவதில்லை, பயனிலையாகவே நிற்கும். மற்றொன்று ‘அம்ப்டீன்’. மோர்ஸ் தந்தி முறையில் நெடுங்கோட்டு ஒலியைப் பரிகாசமாக ‘அம்ப்டி’ என்றழைத்த வழக்கிலிருந்து, பதின்மூன்று முதலிய எண்களின் ஆங்கில விகுதியை ஏற்றுப் பிறந்த இச்சொல், முதல் உலகப் போர்க்காலத்துச் சிப்பாய்களின் பேச்சிலே பரவியது. இது ‘லீஜன்’ போலன்றிப் பெயருக்கு முன்னரே வரும்; பெரும்பாலும் சலிப்பையும் உடன் சுமந்து வரும். அகராதிகள் இதனைப் பேச்சு வழக்கு என்றே குறிக்கின்றன. ஆதலால் விண்ணப்பங்களிலும் ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் இதை விலக்குதல் வேண்டும்.