மடாலய மடைப்பள்ளியில் உருவான நூடுல்ஸ்

மாவைப் பிசைந்து இழையாக்கி, வேகவைத்து உண்ணும் வழக்கம் கிழக்காசியாவில் மிகத் தொன்மையானது. சீனத்தின் சிங்ஹாய் மாநிலத்தில் லாஜியா என்னுமிடத்தில், கவிழ்ந்து கிடந்த கிண்ணமொன்றின் அடியில் கண்டெடுக்கப்பட்ட ஏறத்தாழ 4000 ஆண்டுப் பழமையுள்ள இழைகளைப் பற்றிய ஆய்வு 2005இல் வெளியாயிற்று. ஆயினும், புலால் சேராத நூடுல்ஸ் பெருங்கூட்டத்துக்கு ஒரே வேளையில் பரிமாறத்தக்க உணவாகச் செம்மையுற்றதில் பௌத்த மடாலயங்களின் மடைப்பள்ளிகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

இந்தியாவில் பிச்சையேற்று உண்ட துறவியர், தமக்கெனக் கொல்லப்பட்டதாகக் கண்டோ கேட்டோ ஐயுற்றோ இராத இறைச்சியை ஏற்றுக்கொள்ளப் பழைய விநய விதிகள் இடமளித்தன. சீனத்திலோ மடாலயங்கள் நிலமும் களஞ்சியமும் பெற்றுத் தாமே சமைத்துண்ணத் தொடங்கின. லியாங் அரசர் வூ (ஆட்சி 502–549) துறவியர் புலாலையும் மதுவையும் கைவிட வேண்டுமென வலியுறுத்தியபின் சைவ உணவே அங்கு மடாலய ஒழுக்கமாக நிலைபெற்றது. பூண்டு, வெங்காயம் முதலிய ஐவகைக் காரப்பொருள்களும் விலக்கப்பட்டமையால், காளான், சோயா, இஞ்சி, எள்ளெண்ணெய் ஆகியவற்றைக் கொண்டே சுவை கூட்ட வேண்டிய கட்டாயம் சமையற்காரர்களுக்கு நேர்ந்தது. சான் எனப்படும் தியான மரபினருக்காக 1103இல் தொகுக்கப்பட்ட 'சான்யுவான் சிங்குய்' என்னும் ஒழுங்கு நூல், தலைமைச் சமையற்காரரோடு மாவாலைப் பொறுப்பாளரையும் மடாலய அலுவலர் வரிசையில் வைத்திருப்பது, மாவுணவு அங்கு எத்துணை வழக்கமாக இருந்தது என்பதைக் காட்டுகிறது.

இப்பின்னணியை விளக்கும் குறிப்பொன்று ஜப்பானியத் துறவி டோகன் 1237இல் எழுதிய 'தென்சோ கியோகுன்' என்னும் நூலில் இடம்பெறுகிறது. 'தென்சோ' என்பது மடாலயத் தலைமைச் சமையற்காரரைக் குறிக்கும் பதவிப் பெயர். 1223இல் டோகனின் கப்பல் நிங்போ துறைமுகத்தில் நின்றிருந்தபோது, பேரரசர் அசோகரின் பெயர் தாங்கிய ஆயுவாங் மலை மடாலயத்தின் சமையற்காரரான 61 வயது முதியவர், மறுநாள் ஐந்தாம் மாதத்து ஐந்தாம் நாள் விழாவுக்கு நூடுல்ஸ் சாறு சமைக்க எண்ணி, அதிற் சேர்க்கும் பொருளை, அதாவது உலர்காளான் என்று பலரும் பொருள்கொள்ளும் சரக்கை, வாங்க ஏறத்தாழ 35 லி தொலைவு நடந்து வந்திருந்தார். இரவு தங்கிச் செல்லுமாறு டோகன் வேண்டியும், மறுநாள் உணவுக்குத் தாமே பொறுப்பு என்று கூறி அவர் திரும்பிவிட்டார். சமையலும் தியானத்துக்கு ஒப்பான சாதனையே என்னும் எண்ணம் டோகனுக்கு வேரூன்றியதில் இச்சந்திப்புக்கும் இடமுண்டு.

1241இல் சீனத்திலிருந்து திரும்பிய என்னி என்னும் துறவி நீர்விசை மாவாலையின் வரைபடத்தை ஜப்பானுக்குக் கொண்டுவந்தார் என்பது மரபு. அவருடைய ஹகாட்டா நகரத்து ஜோதென்ஜி மடம், உடோன் எனப்படும் தடித்த கோதுமை நூடுல்ஸின் பிறப்பிடமாக இன்றும் போற்றப்படுகிறது. உடோன் மாவு உப்புநீரில் பிசையப்பட்டு, காலால் மிதித்துப் பதப்படுத்தப்பட்டு, சிறிது நேரம் ஊறியபின் தேய்த்து, மடித்துக் கத்தியால் நறுக்கப்படுகிறது. கோம்பு எனப்படும் கடற்பாசியும் உலர்ந்த ஷிடாகே காளானும் முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறவைக்கப்பட்டு, அச்சாற்றோடு சோயா சாறு சேர்க்கப்படுகிறது. கடற்பாசியின் சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என 1908இல் இகேதா கிகுனே கண்டறிந்தார். காளானிலுள்ள குவானிலேட் அதனோடு சேரும்போது சுவை பன்மடங்காகும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எலும்போ மீனோ இல்லாமலே அச்சாறு நிறைவு பெறுவதற்கு இதுவே காரணம்.

பந்திக்கு ஏற்ற எளிமை இந்த உணவின் செய்முறையிலேயே அமைந்திருக்கிறது. இழைகள் அண்டா நிறையக் கொதிக்கும் நீரில் வெந்து, உடனே குளிர்நீரில் அலசப்பட்டு, கஞ்சிப்பசை நீங்கியபின் ஆளுக்கொரு பிடியாகப் பிரித்து வைக்கப்பட்டால் ஒட்டாமலும் குழையாமலும் இருக்கும்; பரிமாறும் வேளையில் வெந்நீரில் ஒருமுறை முக்கியெடுத்துச் சூடான சாற்றை ஊற்றினால் போதும். ஜென் பயிற்சி மடங்கள் பலவற்றில் 4, 9 என முடியும் தேதிகளில் துறவியர் தலை மழித்துக்கொள்வதும், அன்று உடோன் உண்பதும் வழக்கம். பேச்சும் ஓசையும் விலக்கப்பட்ட அவ்வுணவுக்கூடத்தில் நூடுல்ஸை உறிஞ்சும் ஒலிக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது.

அடுப்பு மூட்டுமுன் கூடத்தில் இருப்போர், நோயுற்றோர், முதியோர், விருந்தினர் என ஒவ்வொரு பிரிவாகத் தலை எண்ணி, அளவு தவறாமல் பொருள் எடுக்கவேண்டும் என்று டோகனின் நூல் கட்டளையிடுகிறது. கூட்டத்தைக் கூட்டமாகக் கருதாமல், உண்ணவிருக்கும் ஒவ்வொருவரையும் கணக்கில் கொண்டு சமைத்த அந்த ஒழுங்கே, ஏழெட்டுப் பொருள்களில் அடங்கும் ஓர் எளிய உணவை நூற்றுக்கணக்கானோர் ஒரே தரத்தில் உண்ணும்படி செய்தது.