மறதியின் மருந்து

வலி என்பது உணரப்படுவதா, நினைவுகூரப்படுவதா? இலக்கிய வாசகனுக்கு இக்கேள்வி புதிதன்று. மயக்கமருந்தின் வரலாற்றையும் இதே கேள்வி நிழல்போல் தொடர்ந்து வந்திருக்கிறது.

1811 செப்டம்பரில் ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னிக்குப் பாரிஸ் நகரில் மார்பக அறுவை நடந்தது. மயக்கமருந்து அறியப்படாத காலம். அவ்வனுபவத்தைத் தம் சகோதரிக்குக் கடிதமாக எழுதி முடிக்க அவருக்குப் பல மாதங்கள் ஆயின. எழுதியதைத் திரும்பப் படிக்கும் துணிவும் அவருக்கு வரவில்லை. கத்தி ஓய்ந்த பின்னும் நினைவு ஓயவில்லை.

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் கில்பர்ட் அபட் என்பவரை ஈதர் ஆவியை முகரச் செய்தார். ஜான் வாரன் அவரது கழுத்துக் கட்டியை அறுத்தார். அலறல் எழவில்லை. ஆயினும் தெளிந்தெழுந்த அபட், வலி இல்லை, கழுத்தை ஏதோ சுரண்டியதுபோல் இருந்தது என்ற பொருளில் கூறியிருக்கிறார். அந்தச் சுரண்டலை யார் உணர்ந்தது? வெற்றிக் களிப்பில் எவரும் அதைப் பெரிதாகக் கேட்கவில்லை.

மருந்து எங்கே வேலை செய்கிறது என்ற தேடலும் நெடியது. எண்ணெயில் எவ்வளவு கரைகிறதோ அவ்வளவு வீரியம் என்று 1900ஐ ஒட்டி மேயரும் ஓவர்ட்டனும் தனித்தனியே கண்டனர். நரம்புச் செல்லின் கொழுப்புச் சவ்வே இலக்கு என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1984இல் ஃபிராங்க்ஸ், லீப் இருவரும், கொழுப்பே இல்லாத மின்மினிப் புரதம் ஒன்றையும் இம்மருந்துகள் முடக்குவதைக் காட்டினர். தேடல் புரதங்களின் பக்கம் திரும்பியது.

இதற்கிடையே 1973இல் பிளிஸ், லோமோ இருவரும் நினைவு பற்றிய ஆய்வையே மாற்றிய கட்டுரையை வெளியிட்டனர். மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதிக்குச் செல்லும் நரம்பு இழைகளை விரைந்த மின்துடிப்புகளால் தூண்டினால், நரம்புகள் சந்திக்கும் சினாப்ஸ்கள் மணிக்கணக்கில் வலுப்பெற்று நின்றன. பழகப் பழகத் தடம் பதியும் இத்தன்மையே நினைவின் அடிப்படை என்று பின்னர் கருதப்பட்டது. வியப்பு என்னவெனில், அச்சோதனைக்கு உள்ளான முயல்கள் மயக்கத்தில் இருந்தன. கட்டுரையின் தலைப்பே அதைச் சொல்கிறது. மயங்கிய மூளையும் தடம் பதிக்க வல்லது! மயக்கமும் மறதியும் ஒன்றல்ல என்பதற்கான குறிப்பு அங்கேயே இருந்தது.

எல்லா மருந்துகளும் அவ்விதமல்ல. ஐசோஃப்ளூரேன் இந்த வலுப்பெறுதலைத் தடுக்கிறது என்பது மூளைத் துண்டுகளில் செய்த சோதனைகளில் தெரியவந்தது. 2006இல் டொராண்டோவின் பெவர்லி ஆர்சர் குழுவினர் எட்டோமிடேட் என்ற மருந்தை ஆராய்ந்தனர். ஹிப்போகாம்பஸில் மிகுந்துள்ள ஆல்ஃபா 5 வகைக் காபா ஏற்பி இல்லாத எலிகளை அம்மருந்து வழக்கம்போல் உறங்க வைத்தது. ஆனால் அவற்றின் நினைவைக் குலைக்கவில்லை. உறக்கத்திற்கு ஒரு பூட்டு, மறதிக்கு வேறொரு பூட்டு. நினைவுப் பதிவை அழிக்கப் பெரும்பாலும் குறைந்த அளவு மருந்தே போதும். நினைவிழக்க வைக்க அதைவிட மிகுதி வேண்டும்.

இங்கேதான் பழைய கேள்வி திரும்புகிறது. தசைகளைத் தளர்த்தும் மருந்து ஒரு கைக்கு மட்டும் எட்டாதபடி பட்டையால் இறுக்கி, "கேட்கிறதென்றால் என் கையை அழுத்துங்கள்" என்று சொல்லிப் பார்க்கும் முறையை டன்ஸ்டல் 1977இல் விவரித்தார். 2017இல் வெளியான ஆய்வொன்றில் 260 பேரில் 12 பேர், மூச்சுக்குழாய் செலுத்தப்பட்ட பின், கையை அழுத்தினர். அவர்களுள் ஐவர் வலிப்பதாகவும் கையாலேயே தெரிவித்தனர். பின்னர் கேட்டபோது ஒருவருக்கும் எதுவும் நினைவில்லை.

அந்த ஐவரும் நலமாக விழித்து மருத்துவருக்கு நன்றி சொல்லியிருக்கவும் கூடும். ஃபேனி பர்னிக்கு வாய்க்காத பேறு அது. எனினும், கையை அழுத்திய அக்கணத்தில் அங்கே ஒருவர் இருந்தார். அவர் பட்டதைச் சொல்ல ஒரு கடிதம்கூட எஞ்சவில்லை என்பதால் அவர் படவில்லை என்று சொல்லிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.