பட்டாளத்துக்காரனை மறந்தது யார்?

நம்ம ஊர் ஆட்கள் கூடினால் சாப்பாட்டுக்கு அடுத்தபடியாகப் பேச்சு போவது பழைய சினிமாவுக்குத்தான். கொல்கத்தாவிலும் அப்படியே. வங்காளி நண்பர்களிடம் காதல் படம் என்று வாயெடுத்தால் போதும், 1957இல் வந்த 'ஹாரானோ ஷுர்' என்று ஆரம்பித்துவிடுவார்கள். உத்தம் குமார், சுசித்ரா சென், ஹேமந்த முகர்ஜியின் இசை, கீதா தத்தின் குரல். இயக்கம் அஜய் கர். கதையைச் சொல்லக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். அட, இது நம்ம 'அமரதீபம்' மாதிரி இருக்கிறதே!

காரணம் எளிது. இரண்டு படங்களுக்கும் ஒரே மூலம்: 'ராண்டம் ஹார்வெஸ்ட்' என்ற ஹாலிவுட் படம். ஜேம்ஸ் ஹில்டன் 1941இல் எழுதிய நாவலை 1942இல் படமாக்கினார்கள். முதல் உலகப்போரில் நினைவிழந்த ஒரு சிப்பாய். பெயர்கூட மறந்துபோனவனை ஒரு பாட்டுக்காரி காப்பாற்றுகிறாள். கல்யாணம், குழந்தை, சின்ன வீடு. ஒருநாள் வேலை தேடிப் போன ஊரில் வண்டி மோதிப் பழைய நினைவு திரும்புகிறது. ஆனால் மனைவி மறந்துபோகிறாள். அவன் பெரிய தொழிலதிபர் ஆகிறான். அவள் அவனிடமே செயலாளராகச் சேர்ந்து, 'நான்தான் உன் மனைவி' என்று சொல்லாமல் வருடக்கணக்கில் காத்திருக்கிறாள்.

இந்தப் படத்தைப் பற்றி அன்றைக்கே இரண்டு கட்சி. விமர்சகர்கள் கிழித்தார்கள். ஜேம்ஸ் ஏஜி என்ற புகழ்பெற்ற விமர்சகர், சவர சோப்பைக் காலைப் பலகாரமாக ரசித்துச் சாப்பிடக் கூடியவர்களுக்குத்தான் இது பிடிக்கும் என்கிற தொனியில் எழுதினார். ஜனங்களோ வரிசையில் நின்று பார்த்தார்கள். ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தன. விருது ஒன்றுகூட இல்லை.

யார் சொன்னது சரி? என்னைக் கேட்டால், ஜனங்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. படம் வெளியானது 1942 டிசம்பரில். அரங்கில் இருந்த பெண்களில் பலரின் கணவனோ மகனோ அப்போது போர்முனையில். திரும்பி வருவானா, வந்தாலும் போனவனாகவே வருவானா? விமர்சகருக்குக் கதையில் லாஜிக் உதைத்தது. இவர்களுக்கு அதுதான் ராத்தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. இன்னொரு விஷயம். நாயகன் ரொனால்ட் கோல்மன் நிஜமாகவே முதல் உலகப்போருக்குப் போனவர். 1914இல் காலில் காயம்பட்டவர். அந்த நொண்டல் திரையில் தெரியாமல் இருக்கக் கடைசிவரை பாடுபட்டார் என்பார்கள்.

சரி, நம்ம பக்கம் வருவோம். படம் நியூயார்க்கில் வெளியான சில நாட்களில், 1942 டிசம்பர் 20 அன்று, கொல்கத்தா மீது ஜப்பான்காரன் முதல் குண்டைப் போட்டான். அடுத்த வருடம் டிசம்பர் 5ஆம் தேதி, பட்டப்பகலில், நான் குடியிருக்கும் இதே கிடர்பூரின் கப்பல்துறை மீது குண்டு விழுந்தது. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள், பெரும்பாலும் துறைமுகக் கூலிகள். பர்மா எல்லைக்குப் போகவேண்டிய சரக்கும் ஆளும் இந்த ஊர் வழியாகத்தான் போயின. அதே வருடம் வங்காளப் பஞ்சம் வேறு, லட்சக்கணக்கில் உயிரைக் குடித்துக்கொண்டிருந்தது.

அப்படிப்பட்ட ஊரில் அந்தக் கதையைப் படமாக்கியபோது என்ன செய்தார்கள்? பட்டாளத்துக்காரனைத் தூக்கிவிட்டார்கள்! 'ஹாரானோ ஷுர்' நாயகனுக்கு நினைவு போவது ரயில் விபத்தில். 1956இல் வந்த 'அமரதீபம்' படத்தில் சிவாஜி வேலையில்லாத இளைஞர். ஸ்ரீதர் கதை, பிரகாஷ் ராவ் இயக்கம், ஒரு பக்கம் சாவித்திரி, இன்னொரு பக்கம் பத்மினி. காதல் இருக்கிறது, மறதி இருக்கிறது. போர் மட்டும் இல்லை.

ஆள் இல்லாமலா? இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது சுமார் 2 லட்சம் பேர் இருந்த இந்திய ராணுவம், முடியும்போது 25 லட்சம் ஆனது. சென்னை மாகாணத்திலிருந்தும் லட்சக்கணக்கில் போனார்கள். எல்லாரும் துப்பாக்கி பிடிக்கவில்லை. லாரி ஓட்டினார்கள், ரோடு போட்டார்கள், பாலம் கட்டினார்கள். போர் முடிந்ததும் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவர்களை நாயகனாக்க ஏன் தயக்கம்? எனக்குத் தோன்றுவது இது. 1947க்குப் பிறகு நாடு கொண்டாடியது நேதாஜியின் படையை. வெள்ளைக்காரன் சம்பளத்துக்குப் போனவனை எந்த அலமாரியில் வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் துரோகியும் இல்லை, தியாகியும் இல்லை. வீட்டுக்கு மணியார்டர் அனுப்பியவன். வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், பற்றிலும் வராத, வரவிலும் வராத கணக்கு. போருக்காக மட்டும் சேர்த்து அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஓய்வூதியமும் கிடையாது. சர்வீஸ் வருடங்கள் போதவில்லை. மாநில அரசுகள் உதவித்தொகை என்று கொடுக்க ஆரம்பித்தது வெகுகாலம் கழித்து.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. இந்தியில் 1961இல் தேவ் ஆனந்தின் 'ஹம் தோனோ' வந்தது. தமிழில் 1962 பொங்கலுக்கு ஏவிஎம்மின் 'பார்த்தால் பசி தீரும்'. பீம்சிங் இயக்கம். இரண்டாம் உலகப்போரின்போது நாகர் மலைப்பக்கம் போன இரண்டு நண்பர்கள், சிவாஜியும் ஜெமினியும். ஜெமினி அங்கே சாவித்திரியை மணக்கிறார். குண்டுவீச்சில் அவள் இறந்துவிட்டாள் என்று நம்பி ஊர் திரும்பி இன்னொரு குடும்பம் அமைத்துக்கொள்கிறார். கால் ஊனமாகித் திரும்பும் சிவாஜி, கண் தெரியாத சாவித்திரியையும் குழந்தையையும் கண்டுபிடிக்கிறார். நண்பனின் குடும்பம் குலையக் கூடாதே என்று வாயைத் திறக்காமல் எல்லாப் பழியையும் தான் சுமக்கிறார். காதலிக்கும் சரோஜா தேவியிடம்கூடச் சொல்வதில்லை. (குழந்தை நட்சத்திரம், இரட்டை வேடத்தில் நம்ம கமல்!)

இந்தப் படத்தைப் பற்றி எங்கள் வட்டாரத்தில் பேச்சு வந்தால் எப்போதும் இரண்டு கட்சிதான். ஆண்கள், "என்ன தியாகம், என்ன நட்பு" என்பார்கள். பெண்கள், "ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் மூணு மணி நேரம் அழுதிருக்க வேண்டாமே" என்பார்கள். நானும் ரொம்ப நாள் பெண்கள் கட்சிதான்.

இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. சினிமாவில் நமக்கு மிகையாகத் தெரிந்த அந்த ஊமைத்தனம், அந்தத் தலைமுறைப் பட்டாளத்துக்காரர்களிடம் நிஜமாகவே இருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் டிரங்குப் பெட்டி, கம்பளி, காக்கி டிராயர் இவற்றோடு வலம்வந்த தாத்தாக்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். "பர்மா பார்டர்ல இருந்தேன்" என்பார்கள். அங்கே என்ன பார்த்தார்கள் என்று சொன்னதே இல்லை. நாமும் கேட்டதில்லை. பென்ஷன் வந்ததா என்று மட்டும் கேட்டோம்.

படத்தில் சிப்பாய் மனைவியை மறந்தான். நிஜத்தில் சிப்பாய்க்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. மறந்தது நாம்.

அந்தத் தலைமுறையில் இன்று இருப்பவர்கள் நூறு வயதை ஒட்டியவர்கள். அவர்கள் சொல்லாததைக் கேட்க நேரம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஆனால் அவர்கள் பெண்டாட்டிகளிடமும் மூத்த பிள்ளைகளிடமும் துண்டு துண்டாக ஏதாவது சொல்லியிருப்பார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போடும்போது, "சாப்பிட்டியா, மழை பெஞ்சுதா" முடிந்தபிறகு, "தாத்தா எந்த ரெஜிமெண்டும்மா, எங்கெல்லாம் போனார்?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் எங்காவது எழுதி வையுங்கள். இங்கே எழுதினாலும் சந்தோஷம்.