இரவின் சுரப்பும் உயிரணுவின் தூய்மையும்

உயிரணுவுக்குள் பழுதடைந்த புரதங்களும் தேய்ந்த மைட்டோகாண்டிரியாக்களும் ஓயாமல் சேர்கின்றன. இரட்டைச் சவ்வாலான பையொன்று அவற்றைச் சூழ்ந்துகொண்டு, செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோமில் சேர்க்கிறது. அங்கே சிதைந்து கிடைக்கும் அமினோ அமிலங்கள் மறுபடியும் பயன்படுகின்றன. 1963இல் கிறிஸ்தியன் டி டூவ் பெயரிட்ட இந்தத் தன்னுண்ணல் நிகழ்வின் மரபணுக்களை ஈஸ்டில் கண்டறிந்த யோஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றார். ஆரன் லெர்னர் குழுவினர் 1958இல் மாட்டின் கூம்புச் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த, இரவில் சுரக்கும் மெலடோனின் என்னும் ஹார்மோன், இந்தத் துப்புரவைத் தூண்டி நோயைத் தடுக்கிறது என்று இன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அக்கூற்றில் உண்மை பாதிதான் இருக்கிறது.

மெலடோனின் எல்லா உயிரணுக்களிலும் தன்னுண்ணலைக் கூட்டுவதில்லை. பார்க்கின்சன், அல்சைமர் நோய்களின் ஆய்வக மாதிரிகளில், நரம்பணுக்களில் திரளும் புரதக் கழிவு நீங்க அது பல வேளைகளில் துணைபுரிகிறது. ஏஎம்பிகே, சர்ட்1 ஆகிய நொதிகள் தூண்டப்படுவதும், எம்டோர் என்னும் தடை தளர்வதும் அதற்கான வழிகள். ஆனால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு மீளும் இதயத்திலும் மூளையிலும், தன்னுண்ணல் அளவு கடந்து உயிரணுவையே அழிக்கும் நிலையில், அதே மெலடோனின் அதனைக் குறைப்பதாகப் பல சோதனைகள் காட்டுகின்றன. புற்றணுக்களின் நிலை இன்னும் சிக்கலானது. அங்கே தன்னுண்ணல் கட்டியைக் கொல்லவும் கூடும், பட்டினியிலும் மருந்திலும் கட்டி தப்பிப் பிழைக்க உதவவும் கூடும். ஆகவே ‘கூட்டுகிறதா, குறைக்கிறதா’ என்ற கேள்வியே போதாது. எந்த உயிரணுவில், எந்த நெருக்கடியில், எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

‘எவ்வளவு’ என்பதே பெரிய சிக்கல். இளம் வயதினரின் இரத்தத்தில் மெலடோனினின் இரவு உச்சம் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 60 முதல் 100 பிக்கோகிராம். வளர்ப்பு உயிரணுக்களில் இடப்படும் அளவோ பெரும்பாலும் மைக்ரோமோல் முதல் மில்லிமோல் வரை. அதாவது இரத்தத்தில் உள்ளதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு, சில வேளைகளில் இலட்சக்கணக்கான மடங்கு. மூளைத் தண்டுவட நீர்மத்தில் அதன் அடர்த்தி இரத்தத்தைவிட மிகுதி என்பது உண்மையே. ஆயினும் அத்தகைய முடிவுகள் மருந்தளவைப் பற்றியவை. உடல் தானே சுரக்கும் இரவுச் சுரப்பு இதையே செய்கிறது என்பதற்கு அவை சான்றாகா.

எலியிடமிருந்து இன்னொரு தடை எழுகிறது. எலியின் கல்லீரலில் தன்னுண்ணல் மரபணுக்கள் நாளொழுங்கோடு ஏறி இறங்குவது 2011இல் காட்டப்பட்டது. ஆனால் ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் சி57பிஎல்/6 இன எலி மரபணுக் குறையால் மெலடோனினை மிகச் சொற்பமாகவே சுரக்கிறது. ஆக, துப்புரவுக்கு நேரம் குறிப்பதில் உயிரணுக் கடிகாரமும் உணவு நேரமும் மெலடோனின் இன்றியும் செயல்பட வல்லவை. மனிதரில் மெலடோனின் அந்த ஒழுங்குக்கு ‘இப்போது இரவு’ என்ற செய்தியைச் சேர்க்கிறது என்று கொள்வதே பொருத்தமானது.

இந்த இரவு ஒழுங்கு குலைந்தால் என்ன ஆகும் என்பது காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு நேரடியான கேள்வி. அங்கே ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் இரவு பகலாக இயங்கும் தொழிற்பகுதிகளாக வளர்ந்துவிட்டன. இரவுப் பணியை ‘மனிதரில் பெரும்பாலும் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது’ என்ற 2ஏ வகுப்பில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வைத்து, 2019இல் மீண்டும் உறுதிசெய்தது. நீரிழிவும் கவலைக்குரியது: சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டெனக் கணித்தது. இரவுப் பணியாளரின் உடலில் இரு செயல்கள் ஒருங்கே நேர்கின்றன. விளக்கொளி மெலடோனினை அடக்குகிறது. நள்ளிரவு உணவு இன்சுலினை உயர்த்தி, எம்டோரை முடுக்கி, தன்னுண்ணலைத் தணிக்கிறது. எம்டிஎன்ஆர்1பி என்னும் மெலடோனின் ஏற்பி மரபணுவின் ஒரு மாற்றுவடிவம் இரண்டாம் வகை நீரிழிவோடு தொடர்புடையது என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். மெலடோனின் உயர்ந்திருக்கும் வேளையில் உண்பதும் சர்க்கரையைக் கையாளும் திறனைக் குறைக்கிறது.

எனவே, இரவுப் பணியாளருக்கு மெலடோனின் மாத்திரையைப் பரிந்துரைப்பது முதல் தீர்வாகாது. பணி நடுவில் விழுங்கினால் விழிப்பு குறையும். உணவோடு சேர்ந்தால் சர்க்கரை உயரவும் கூடும். 2021இல் 19 இளைஞர்களைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வகச் சோதனை வேறு வழியைச் சுட்டுகிறது: இரவுப் பணிச் சூழலில் இரவிலும் உண்டவர்களின் சராசரிக் குளுக்கோஸ் 6.4 விழுக்காடு உயர்ந்தது. பகலில் மட்டும் உண்டவர்களிடம் அந்த ஏற்றம் தென்படவில்லை. தன்னுண்ணலை அச்சோதனை அளக்கவில்லை. ஒரகடத்துத் தொழிற்சாலை உணவுக்கூடங்களில் உணவு நேரத்தை மாற்றி, இரத்த அணுக்களில் தன்னுண்ணல் குறியீடுகளையும் உமிழ்நீரில் மெலடோனினையும் ஒருசேர அளப்பது தமிழக மருத்துவக் கல்லூரிகளால் செய்யக்கூடியதே.