தனியறையும் ஒத்திகை அறையும்: அமெரிக்கப் பள்ளி பேண்டில் இணைய வளங்களின் இடம்

1906ஆம் ஆண்டு 'ஆப்பிள்டன்ஸ் மேகஸீன்' இதழில் ஜான் ஃபிலிப் சூசா ஒரு கட்டுரை எழுதினார். அக்காலத்து அமெரிக்காவில் அவர் அளவுக்குப் பெயர்பெற்ற பேண்டு நடத்துநர் வேறு எவரும் இல்லை. கிராமபோனும் தானியங்கிப் பியானோவும் வீடுகளுக்குள் வந்துவிட்டால் பிள்ளைகள் வாத்தியம் பழகுவதையே விட்டுவிடுவார்கள் என்று அதில் அவர் அஞ்சினார். அந்த அச்சத்தோடு உரிமைக் கவலையும் கலந்திருந்தது. தன் படைப்பை இயந்திரத்தில் பதிந்து விற்பவரிடம் இசையமைப்பாளர் எதுவும் கேட்க முடியாத காலம் அது. 1909ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்குப் பிறகே அந்த நிலை மாறியது. இன்று சூசாவின் மார்ச் இசைகளை அமெரிக்க மரைன் படையின் பேண்டு வாசித்துப் பதிந்து, ஒலிப்பதிவையும் முழு இசைக்குறியையும் ஒவ்வொரு வாத்தியத்துக்குமான தாள்களையும் கட்டணமின்றி இணையத்தில் வைத்திருக்கிறது. பள்ளிகளில் பிள்ளைகள் இன்னமும் டிரம்பெட் ஊதுகிறார்கள். இருந்தாலும் அவர் எழுப்பிய கேள்வி தீர்ந்துவிடவில்லை. பழகும் பிள்ளைக்கு இயந்திரம் எதைக் கொடுக்கிறது, எதை அந்தப் பிள்ளை தானே செய்யவிடாமல் தடுக்கிறது?

பேண்டு மாணவருக்கான இணைய வளங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எது எளிது, எது மலிவு என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. அவை மாணவரிடம் எப்படி நடந்துகொள்கின்றன என்பதே முதலில் கேட்க வேண்டியது. சில வளங்கள் நூலகம்போல நிற்கின்றன: இசைத்தாள், ஒலிப்பதிவு, விரலமைப்பு விளக்கம் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. வேறு சில தேர்வாளராக உட்கார்ந்து, மாணவர் வாசிப்பதைக் கேட்டு மதிப்பெண் போடுகின்றன. பேண்டில் கற்க வேண்டியவற்றில் தலையாயது, பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்டுத் தன் ஒலியைத் திருத்திக்கொள்ளும் திறன். நூலக வகை அதற்கு உரமிடுகிறது. தேர்வாளர் வகை, எந்தத் தீய எண்ணமும் இல்லாமலேயே, அதைக் குறுக்கிவிடுகிறது. அமெரிக்கப் பள்ளிகளை முன்வைத்து இந்த வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

அங்கே ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்பில், பத்துப் பதினோரு வயதில், பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு காற்று வாத்தியத்தையோ தாள வாத்தியத்தையோ கையில் எடுக்கிறார்கள். ஒரே ஆசிரியர், ஒரே அறை, பத்து வகை வாத்தியம். இதைச் சாத்தியமாக்கியது பயிற்சி நூல். 'ஸ்டாண்டர்ட் ஆஃப் எக்ஸலன்ஸ்', 'எசென்ஷியல் எலிமெண்ட்ஸ்' போன்றவை வாத்தியத்துக்கு ஒரு நூலாக வருபவை. பாடமெடுக்கும் ஆசிரியர் பாட எண்ணைச் சொன்னால் போதும், எல்லோரும் சேர்ந்து வாசிக்கலாம். ஆனால் ஒவ்வொருவர் தாளிலும் இருக்கும் குறி வேறு. பேண்டு முழுவதும் பி ஃபிளாட் ஒலிக்கும்போது, புல்லாங்குழல் மாணவரின் தாளில் பி ஃபிளாட் என்றே இருக்கும். கிளாரினெட்காரரும் டிரம்பெட்காரரும் சி என்று படிப்பார்கள், ஆல்டோ சாக்ஸபோன்காரர் ஜி என்று படிப்பார், ஹார்ன்காரர் எஃப் என்று படிப்பார். ஒலி ஒன்று, எழுத்து நான்கு.

இதன் விளைவு வீட்டில்தான் தெரியும். கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜன் வழியாக அறிந்த நமக்கு அது தனித்து நின்று ராகத்தை விரிக்கும் வாத்தியம். பள்ளி பேண்டின் மூன்றாம் கிளாரினெட்காரருக்குக் கிடைப்பதோ நான்கு எண்ணிக்கை நீளும் ஒரு சுரம், இரண்டு எண்ணிக்கை ஓய்வு, மறுபடி அதே சுரம். கதவைச் சாத்திக்கொண்டு அதை மட்டும் வாசித்தால் அது எந்தப் பாட்டு என்பது அவருக்கே விளங்காது. சுற்றிலும் மற்றவர்கள் ஒலித்தால்தான் அந்த நீண்ட சுரத்துக்குப் பொருள் உண்டு. முதல் இரண்டு ஆண்டுகளில் பேண்டை விட்டுப்போகும் பிள்ளைகளில் பலரைச் சோர்வடையச் செய்வது இந்தத் தனிமைதான் என்று நான் கருதுகிறேன்.

எனவே துணையிசை மென்பொருள் ஒரு மெய்யான தேவையிலிருந்தே பிறந்தது. 1990களில் 'விவாசே' என்ற பெயரில் தொடங்கி, பின்பு 'ஸ்மார்ட்மியூசிக்' ஆகி, இன்று 'மேக்மியூசிக் கிளவுட்' என்று வழங்கும் கருவி, மாணவரைச் சுற்றி மற்ற வாத்தியங்களை ஒலிக்கச் செய்தது. இது பெரிய கொடை. மூன்றாம் கிளாரினெட்காரருக்குத் தன் நீண்ட சுரம் எந்த இசைவில் உட்காருகிறது என்று வீட்டிலேயே கேட்கக் கிடைத்தது. ஆனால் அந்தக் கருவி அதோடு நிற்கவில்லை. சரியாக வாசித்த சுரத்தைப் பச்சையாகவும் தவறியதைச் சிவப்பாகவும் காட்டி, கடைசியில் ஒரு விழுக்காட்டையும் கொடுத்தது. அறுபது எழுபது பிள்ளைகளைத் தனித்தனியே கேட்க நேரமில்லாத ஆசிரியருக்கு அந்த விழுக்காடு மதிப்பெண் பட்டியலில் ஏற்றக்கூடிய எண்ணாக அமைந்தது. துணையாக வந்தது தேர்வாளராக மாறியது இப்படித்தான்.

அந்தத் தேர்வாளர் எதைக் கேட்கிறார் என்று பார்க்க வேண்டும். சுரம் எது, அது எப்போது தொடங்கியது: இந்த இரண்டையும் அவர் நன்றாகவே கேட்கிறார். மூச்சு எப்படி நிற்கிறது, ஒலி உருண்டு வருகிறதா, வாக்கியம் எங்கே சாய்கிறது என்பவை அவருக்கு எட்டுவதில்லை. இந்தக் குறையை எல்லோரும் அறிவார்கள், தொழில்நுட்பம் வளர வளர அது குறையவும் கூடும். சுருதியில் இருப்பது அதைவிட ஆழமான சிக்கல்.

பி ஃபிளாட், டி, எஃப் மூன்றும் சேர்ந்து ஒலிக்கும் இசைவை எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் சட்ஜமம், அந்தர காந்தாரம், பஞ்சமம். காதுக்குத் தூய்மையாக ஒலிக்கும் காந்தாரம் சட்ஜமத்துக்கு 5:4 விகிதத்தில் நிற்கும். பியானோவிலும் கைபேசி டியூனரிலும் உள்ள சமப் பகுப்புச் சுருதியில் அதே காந்தாரம் ஏறக்குறைய 14 சென்ட் (சுருதி வேறுபாட்டை அளக்கும் மிகச் சிறிய அலகு) உயர்ந்து நிற்கும். பஞ்சமத்தில் வேறுபாடு 2 சென்ட்தான், அதை யாரும் பொருட்படுத்த வேண்டியதில்லை. காந்தாரத்தில் அப்படி விட்டுவிட முடியாது. ஏ 440 ஹெர்ட்ஸ் என்ற அளவில், 233 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் பி ஃபிளாட்டின் மேல் டியூனர் சொல்லும் டியை வைத்தால், இரண்டின் மேல் அதிர்வுகளும் மோதி நொடிக்கு ஒன்பது முறை அலையடிக்கும். டி வாசிப்பவர் உதட்டை இளக்கிச் சற்றுத் தாழ்த்தினால் அலை மெதுவாகி அடங்கும், இசைவு கண்ணாடிபோல் தெளியும். அடுத்த இசைவில் அதே டி சட்ஜமமாகிவிட்டால் தாழ்த்தத் தேவையில்லை. ஆக, ஒரு சுரம் சரியா என்பதை அந்தச் சுரத்தை மட்டும் கேட்டுச் சொல்லவே முடியாது. பக்கத்தில் யார் எதை வாசிக்கிறார் என்பது தெரிய வேண்டும்.

டியூனர் முள்ளை நடுவில் நிறுத்தப் பழகிய மாணவர் ஒத்திகையிலும் முள்ளையே பார்க்கிறார். காந்தாரம் உரசும்போது, 'நான் சரியாகத்தான் இருக்கிறேன்' என்று அவரால் சான்றோடு சொல்ல முடிகிறது. மதிப்பெண் போடும் மென்பொருள் சில சென்ட் வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் விடலாம். விட்டாலும் அது எதையும் கற்பித்ததாகாது, தாழ்த்தியவருக்கும் தாழ்த்தாதவருக்கும் ஒரே பச்சைதான் கிடைக்கும். காது செய்ய வேண்டிய வேலையைக் கண்ணிடம் ஒப்படைத்துவிடுவது இந்த வகைக் கருவிகளின் உள்ளார்ந்த இயல்பு. என் முதன்மையான மறுப்பு இதுதான்.

இதற்கு மாற்றும் இணையத்திலேயே இருக்கிறது, நமக்கு அது புதிதும் அல்ல. ஒரே சுரம் தொடர்ந்து ஒலிக்கும் பதிவை ஓடவிட்டு, அதன் மேல் நீண்ட சுரங்களை வாசிக்கச் சொல்லும் அமெரிக்க ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். அதற்கென்றே செல்லோவில் வாசித்த பதிவுகள் உண்டு, தம்புராச் செயலிகளைப் பயன்படுத்துவோரும் உண்டு. அந்தப் பதிவு மதிப்பெண் போடுவதில்லை, நிறம் காட்டுவதில்லை. மாணவர் அலையைக் கேட்டு, அது அடங்கும் இடத்தைத் தாமே தேடிக் கண்டடைகிறார். சுருதிப் பெட்டியோடு வளர்ந்தவர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. இதைவிட எளிய இணைய வளம் இருக்க முடியாது, ஒத்திகை அறைக்கு இதைவிட நேராக இட்டுச்செல்லும் வளத்தையும் நான் அறியேன்.

நூலக வகையின் முழு வலிமையைக் காண மரைன் பேண்டின் சூசா திட்டத்துக்கே போக வேண்டும். 1798இல் தொடங்கிய அந்தப் பேண்டை 1880 முதல் 1892 வரை நடத்தியவர் சூசா. அவர் எழுதிய மார்ச்சுகள் 130க்கும் மேல். அச்சிட்ட தாள்கள் எப்போதும் கிடைத்துவந்தன, ஆனால் அச்சில் இருப்பதை மட்டும் சூசா வாசிக்கவில்லை. மார்ச்சின் பிற்பாதியான டிரையோ பகுதியை முதல் முறை எடுக்கும்போது கார்னெட், டிராம்போன், பிக்கோலோ, சிம்பல் ஆகியவற்றை அடக்கிவிட்டுக் கிளாரினெட்டுகளை ஒரு ஸ்தாயி கீழே வாசிக்கச் செய்வார். தாளில் இல்லாத அழுத்தங்களைக் கடைசிச் சுற்றில் பறைகளுக்குக் கொடுப்பார். அவரிடம் வாசித்தவர்கள் சொல்லி, அவர்களிடம் பயின்றவர்கள் கேட்டு, வாய்வழியாக வந்த வழக்கம் இது. ஏதோவொரு சிற்றூர்ப் பள்ளி ஆசிரியருக்கு அந்தக் குருவழி எட்டியிருக்க வாய்ப்பில்லை. மரைன் பேண்டின் பதிப்பில் இவையெல்லாம் முழு இசைக்குறியிலேயே குறிக்கப்பட்டுள்ளன, அருகில் ஒலிப்பதிவும் இருக்கிறது. அமெரிக்கக் கூட்டரசின் பணியாளர் தம் கடமையாகச் செய்யும் படைப்புக்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது என்ற சட்டமும் இதற்குக் கைகொடுத்தது.

தனியார் முயற்சிக்கு உதாரணம் ஐஎம்எஸ்எல்பி. 2006இல் எட்வர்ட் குவோ என்ற மாணவர் தொடங்கிய இந்த இசைத்தாள் நூலகம், வியன்னாவின் யுனிவர்சல் எடிஷன் பதிப்பகத்தின் எச்சரிக்கைக் கடிதத்தால் 2007 அக்டோபரில் மூடப்பட்டு, 2008 ஜூன் இறுதியில் மீண்டும் திறந்தது. படைப்பாளர் இறந்து 50 ஆண்டு என்ற கனடாவின் அன்றைய கணக்கும், 70 ஆண்டு என்ற ஐரோப்பியக் கணக்கும் மோதிய இடம் அது. 1934இல் மறைந்த ஹோல்ஸ்ட் 1909இலும் 1911இலும் எழுதிய இரு ராணுவ பேண்டுத் தொகுப்புகள் காற்று வாத்தியக் குழுக்களின் அடித்தளப் படைப்புகள். அவற்றை இன்று ஒரு மாணவர் காசில்லாமல் படிக்க முடிகிறது.

ஆனால் இந்த நூலகங்களில் பெரிய ஓட்டை ஒன்றும் இருக்கிறது. உரிமைக்காலம் கடந்த படைப்புகள் பெரும்பாலும் கைதேர்ந்தவர்களுக்கானவை. சூசாவின் மார்ச்சை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் வாசிக்க இயலாது. ஐந்தாறு சுரம் மட்டும் தெரிந்த பிள்ளைகளுக்கான பாடல்களை இன்று வாழும் இசையமைப்பாளர்கள் எழுதுகிறார்கள், பதிப்பகங்கள் விற்கின்றன. அந்த வருமானம் அவர்களுக்கு உரியது. வணிகம் இத்துறைக்குள் நேற்று வந்ததும் அல்ல. 1923இல் சிகாகோவில் நடந்த முதல் தேசியப் பள்ளி பேண்டுப் போட்டிக்குப் பின்னால் நின்றவர்கள் வாத்திய உற்பத்தியாளர்களே. குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. நூலகம் மிகவும் தேவைப்படும் தொடக்க வகுப்பில்தான் அது மிகவும் மெலிந்திருக்கிறது, அந்த வெற்றிடத்தில்தான் சந்தா கேட்கும் தேர்வாளர் வந்து உட்கார்கிறார் என்ற தொடர்பைக் காட்டுவதே நோக்கம்.

2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியபோது சேர்ந்து வாசிப்பதையே இணையம் தாங்குமா என்ற சோதனை நடந்தது. ஒலி காற்றில் 10 மீட்டர் கடக்க ஏறத்தாழ 29 மில்லிநொடி ஆகும். தாளம் நழுவாமல் சேர்ந்து வாசிக்க அதுவே ஏறக்குறைய எல்லை. வழக்கமான காணொளிக் கூட்டங்களில் தாமதம் அதைப்போலப் பல மடங்கு. ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ் சேஃப் முன்னின்று உருவாக்கிய ஜாக்ட்ரிப், திறமூல மென்பொருளான ஜாமுலஸ் ஆகியவை தாமதத்தைக் குறைத்தன, ஆனால் நல்ல கம்பி இணைப்பும் ஒலிக்கருவியும் இருந்தால்தான் அவை பயன்படும். பள்ளி கொடுத்த மடிக்கணினியை வீட்டு வைஃபையில் இயக்கிய பிள்ளைகளுக்கு அது எட்டவில்லை. எஞ்சியது, இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர் 2010இல் 185 பாடகர்களைக் கொண்டு செய்துகாட்டிய வழி: ஒவ்வொருவரும் தனியே பதிந்து அனுப்ப, ஒருவர் கோத்துக் காணொளியாக்குவது. பிரிந்திருந்த பிள்ளைகளுக்கு அது ஆறுதலாக இருந்தது. பேண்டுப் பயிற்சி என்று அதைச் சொல்ல மாட்டேன். காதில் டக் டக் என்று ஒலிக்கும் தாளக்கட்டைக்கு ஒவ்வொருவரும் கட்டுப்பட்டார்களே தவிர, ஒருவரையொருவர் கேட்கவில்லை. கொலராடோ, மேரிலாண்ட் பல்கலைக்கழகங்களின் காற்றுத்துளி ஆய்வு வெளிவந்ததும் பள்ளிகள் வாத்தியங்களின் வாய்க்கு உறை போட்டு, ஆறடி இடைவெளி விட்டு, பிள்ளைகளைத் திரும்ப ஒரே இடத்தில் உட்காரவைத்தன. ஆசிரியர்கள் எதைத் தேடினார்கள் என்பதற்கு அதுவே சான்று.

அந்த ஆண்டில் விளைந்த நிலைத்த நன்மை வேறொன்று. அமெரிக்க இசையமைப்பாளர்கள் சிலர் ஒன்றுகூடி, இருக்கும் வாத்தியங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளத்தக்க படைப்புகளை எழுதத் தலைப்பட்டார்கள். ஓபோ இல்லாத, ட்யூபா இல்லாத, ஏழு சாக்ஸபோன் உள்ள பேண்டு என்பது சிறிய பள்ளிகளில் என்றுமே இருந்த நிலைமை. அங்கே ஆசிரியர்கள் இரவில் உட்கார்ந்து, இல்லாத வாத்தியத்தின் பகுதியை இருக்கும் வாத்தியத்துக்கு மாற்றி எழுதுவார்கள். அந்த உழைப்பு எந்தக் கோப்பில் சேமிக்கப்படுகிறது என்பதும் முக்கியம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வழக்கிலிருந்த ஃபினாலே மென்பொருளின் வளர்ச்சியை அதன் குழுமம் 2024 ஆகஸ்டில் நிறுத்தியது. திறந்த வடிவமான மியூசிக்எக்ஸ்எம்எல்லுக்கு மாற்றிக்கொள்ளாத ஆசிரியர்களின் பல்லாண்டு உழைப்பு கைநழுவும் நிலைக்கு வந்தது. மியூஸ்ஸ்கோர்போன்ற திறமூலக் கருவியை ஒரு பள்ளி தேர்ந்தெடுக்க விலை மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை.

ஆகவே இரண்டு பரிந்துரைகளை முன்வைக்கிறேன். மென்பொருள் தரும் விழுக்காட்டை இறுதி மதிப்பெண்ணில் சேர்க்கக் கூடாது. அது மாணவர் தனக்குத்தானே பார்த்துக்கொள்ளும் குறிப்பாக இருக்கட்டும், துணையிசை துணையாக மட்டும் நிற்கட்டும். அடுத்தது பொதுப்பணம் பற்றியது. சூசாவுக்கு மரைன் பேண்டு செய்ததைத் தொடக்கநிலை மாணவர்களுக்கும் செய்யலாம். இன்றைய இசையமைப்பாளர்களுக்கு உரிய ஊதியத்தை ஒருமுறை முழுமையாகக் கொடுத்து, முதலிரண்டு ஆண்டு மாணவர்களுக்கான படைப்புகளை எழுதச் சொல்லி, இசைக்குறி, தனித்தாள்கள், ஒலிப்பதிவு, திருத்தக்கூடிய கோப்பு நான்கையும் சேர்த்தே வெளியிடலாம். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியே அடக்கியும் உயர்த்தியும் கேட்கும்படி அந்தப் பதிவு இருந்தால், மூன்றாம் கிளாரினெட்காரர் தன் நீண்ட சுரத்தின் மேல் ஹார்ன் எங்கே வந்து சேர்கிறது என்பதை வீட்டிலேயே கேட்டு வைத்துக்கொண்டு வகுப்புக்கு வருவார். வரிப்பணத்தில் ஊதியம் பெறும் ராணுவ பேண்டுகள் அந்நாட்டில் பல உள்ளன. பதிவு செய்யும் திறமும் வழக்கமும் அவற்றிடம் ஏற்கெனவே இருக்கின்றன.